நினைவிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊர் நூலகத் தாழ்வாரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வாசிப்பு வட்டம் கூடுகிறது. எட்டாவது படிக்கிற பிள்ளையிலிருந்து கல்லூரி மூன்றாம் ஆண்டு வரை இருபது பேர் வருவார்கள், நடவும் அறுப்பும் நடக்கிற வாரங்களில் பாதிப் பேர்தான். சில வருடங்களாக இனப்படுகொலைகள் பற்றியும் அவற்றை நினைவில் வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் பற்றியும் சேர்ந்து படிக்கிறோம், போக முடிந்த இடங்களுக்குப் போய் வருகிறோம். பெற்றோர்களும் ஆசிரியர்களும் பக்கத்து ஊர் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. அதுதான் இது.

இனப்படுகொலை என்றால் என்ன? நிறையப் பேரைக் கொன்றால் அது இனப்படுகொலைதானே?

இல்லை. எத்தனை பேர் என்பதைவிட என்ன நோக்கத்தோடு என்பதுதான் கேள்வி. ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் 1944-ல் இந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் வைத்தார், அதுவரை அதற்குப் பெயரே கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்தில் நாஜிகளின் கையில் அவருடைய சொந்தபந்தங்களில் 49 பேர் கொல்லப்பட்டார்கள். அவர் விடாமல் அலைந்து திரிந்ததன் பலனாக 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவும் 1959-ல் அதற்கு முறைப்படி ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

ஒரு தேசிய இனத்தையோ, இனக்குழுவையோ, நிறத்தாலோ மதத்தாலோ அடையாளம் காணப்படும் ஒரு கூட்டத்தையோ முழுதாகவோ பகுதியாகவோ அழிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஐந்து செயல்களில் எதைச் செய்தாலும் அது இனப்படுகொலை என்கிறது உடன்படிக்கை. கொல்வது, உடலுக்கோ மனதுக்கோ கடுமையான கேடு செய்வது, வாழவே முடியாத நிலைமையைத் திட்டமிட்டு உண்டாக்குவது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பிடுங்கி வேறு கூட்டத்திடம் கொடுப்பது. கொலை இதில் ஒன்றுதான் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சட்டம் எவ்வளவு குறுகலாகப் பார்க்கிறது என்பதற்குக் கம்போடியா நல்ல உதாரணம். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2018-ல் தீர்ப்பு சொன்ன நீதிமன்றம், வியட்நாமியர்களையும் சாம் முஸ்லிம்களையும் அழித்ததற்குத்தான் இனப்படுகொலை என்ற குற்றத்தை வைத்தது. மற்ற சாவுகள் மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள். செத்தவர் வீட்டில் இந்த வித்தியாசத்தால் துக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் சொல்லைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எல்லாக் கொடுமைக்கும் இந்தச் சொல்லைப் போட்டால் உண்மையிலேயே அது நடக்கும்போது சொல்ல நம்மிடம் சொல் இருக்காது.

அப்படியென்றால் கீழ்வெண்மணி?

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்தன. மிராசுதார்களின் ஆட்கள் கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உடன்படிக்கையின் அளவுகோலில் அதைப் படுகொலை என்றுதான் நாங்கள் எழுதுகிறோம், சாதியும் நிலமும் சேர்ந்து செய்த படுகொலை. ஆனால் எங்கள் படிப்பை அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ருவாண்டாவில் பக்கத்து வீட்டுக்காரன் எப்படிக் கத்தி எடுத்தான் என்று ஒரு பிள்ளை வியப்போடு கேட்டால், பேருந்தில் போய்வருகிற தூரத்தில் நடந்ததைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முள்ளிவாய்க்காலை இனப்படுகொலை என்று சொல்லிக்கொடுக்கிறீர்களா?

நான் அப்படித்தான் சொல்கிறேன், ஏன் சொல்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகள் முன் வைத்துவிடுகிறேன். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-ல், 2009-ல் முடிந்த இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றது. அடுத்த வருடம் வந்த ஐ.நா.வின் உள்விசாரணை அறிக்கை, 70,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கணக்கு இல்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. இலங்கையின் வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் நடந்தது இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது. கனடா நாடாளுமன்றம் 2022-ல் மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு இதை முற்றிலும் மறுக்கிறது. சர்வதேச நீதிமன்றம் எதுவும் இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, உடன்படிக்கையின் ஐந்து செயல்களைப் பக்கத்தில் எழுதுவோம். பிள்ளைகள் பேசட்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி "பாதுகாப்பு வலயம்னு சொல்லி வரச் சொன்ன இடத்துல குண்டு போட்டா, அது மூணாவது செயலா, முதலாவதா?" என்று கேட்டாள். அப்படி ஒரு கேள்வி எத்தனையோ பெரியவர்கள் வாயிலிருந்துகூட வந்ததில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? படிக்கிற வயதில் மனதைக் கெடுக்க வேண்டுமா?

அக்கறையில் வருகிற கேள்வி, அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்டது. கைப்பேசியில் வருகிற பிணங்களின் படங்கள், யார், எங்கே, எப்போது என்று எதுவும் இல்லாமல், கீழே ஒரு கெட்ட வார்த்தையோடு. நான் ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் கேட்டபோது கை தூக்காதவர்கள் மூன்று பேர்தான். தனியாக, இருட்டில், யாரிடமும் கேட்க முடியாமல் பார்ப்பதற்கும், பெயரோடும் தேதியோடும் கூட ஒரு பெரியவர் இருக்கும்போது தெரிந்துகொள்வதற்கும் நிறைய வித்தியாசம்.

அப்புறம், இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. ஈழத்திலிருந்து கோடியக்கரைக்கும் வேதாரண்யத்துக்கும் படகில் வந்து இறங்கியவர்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குக் கூலிக்குப் போன குடும்பங்கள் டெல்டா முழுக்க உண்டு. அங்கே போனவர்களில் பலரை 1942, 43-ல் ஜப்பானிய ராணுவம் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோய்ப் பட்டினியிலும் காலராவிலும் சாகவிட்டது, அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறைகூட இல்லை. எங்கள் வட்டத்துப் பையன் ஒருவனின் கொள்ளுத்தாத்தா "மலேயா போனார், வரல" என்ற ஒரே வரியாக வீட்டில் இருந்தார். அந்த வரிக்குப் பின்னால் 415 கிலோமீட்டர் தண்டவாளம் இருக்கலாம் என்று தெரிந்த அன்று அவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

நாஜிகள் யூதர்களை லட்சக்கணக்கில் கொன்ற முகாம் இருந்த இடத்தில், போலந்தில் உள்ள ஆஷ்விட்ஸ் நினைவிடம் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வருவதைப் பரிந்துரைப்பதில்லை. வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை அருங்காட்சியகம் தன் முதன்மைக் காட்சிக்கு 11 வயது என்று வைத்திருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுவனின் கதையாகத் தனிக் காட்சியும் அமைத்தது. நாங்கள் எட்டாவதுக்கு மேல் உள்ள பிள்ளைகளை மட்டும் நினைவிடத்துக்கு அழைத்துப் போகிறோம். அதற்குக் கீழே என்றால் கதை போதும், அதுவும் தப்பித்தவர்களின் கதை, காப்பாற்றியவர்களின் கதை.

அருங்காட்சியகம் என்றால் பழைய பானையும் செப்புச் சிலையும்தானே? அங்கே போய் என்ன கற்றுக்கொள்வது?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்போடியாவின் ப்னாம் பென் நகரில் துவோல் ஸ்லெங் என்று ஒரு இடம். அது ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடம். கெமர் ரூஜ் அதை எஸ்-21 என்ற சிறையாக்கியது, வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்துச் சின்னச் சின்ன அறைகள் கட்டியது. உள்ளே போன ஆயிரக்கணக்கானவர்களில் உயிரோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உள்ளே கொண்டுவரும்போது ஒவ்வொருவரையும் புகைப்படம் எடுத்தார்கள், அந்தப் படங்கள் இன்று சுவர் முழுக்க இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைவிட முதலில் தைப்பது வகுப்பறைதான். கரும்பலகையும் ஜன்னலும் தாழ்வாரமும் நம் அரசுப் பள்ளி மாதிரியே இருக்கின்றன. 2025-ல் அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சேர்த்தது.

ருவாண்டாவின் கிகாலி நினைவிடம் இன்னொரு மாதிரி. 1994 ஏப்ரல் 7 தொடங்கி நூறு நாளில் பெரும்பான்மை ஹூட்டு இனத்துத் தீவிரவாதிகள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுபான்மை டுட்சிகளையும் அவர்களுக்குத் துணை நின்ற ஹூட்டுகளையும் கொன்றார்கள், வானொலியில் அதற்குத் தூண்டினார்கள். 2004-ல் திறந்த அந்த நினைவிடத்தின் வளாகத்தில் மட்டும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். உள்ளே குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. பெரிய பெரிய புகைப்படங்கள், கீழே பெயர், வயது, பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு, சிநேகிதர் யார், எப்படிக் கொன்றார்கள். இவ்வளவுதான். பிடித்த சாப்பாடு என்ற அந்த ஒரு வரி செய்கிற வேலையை எந்த ரத்தப் படமும் செய்யாது. எட்டு லட்சம் என்றால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, எனக்கும் புரியாது. முட்டை பிடிக்கும் என்றால் புரியும்.

நல்ல அருங்காட்சியகம் செத்தவர்களை முதலில் உயிரோடு காட்டும். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன பாடினார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள். எரிந்துபோன யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகங்கள் என்பதைச் சொல்லும் முன், அங்கே உட்கார்ந்து படித்த ஒரு மாணவியைச் சொல்ல வேண்டும்.

"இளைஞர்களை ஈடுபடுத்துவது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன, பேருந்து பிடித்து அழைத்துப் போய் வருவதா?

அது முதல் படிகூட இல்லை. வரிசையில் நடக்க வைத்து, பேசாதே என்று அதட்டி, திரும்பி வந்து ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளை மறந்துவிடும், மறப்பதுதான் நியாயம். அவர்கள் கையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும், அதுவும் ஒப்புக்கு இல்லாத வேலை, அவர்கள் செய்யாவிட்டால் நின்றுபோகிற வேலை. நான் இத்தனை வருடத்தில் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த வீடு 1960 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர்களுடைய பயணக் கண்காட்சி ஒரு பள்ளிக்குப் போனால், அந்தப் பள்ளியின் மாணவர்களுக்கே குறுகிய பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நிறுத்துவார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை தன் வயதுப் பிள்ளைகளுக்கு விளக்குகிறது. விளக்க வேண்டும் என்றால் முதலில் தனக்குப் புரிய வேண்டும், தெரியாததைத் தேட வேண்டும். ஆஸ்திரியாவில் 1992 முதல் இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலாக வெளிநாட்டு நினைவிடங்களில் வேலை செய்யலாம் என்று ஒரு ஏற்பாடு வந்தது, முதலில் போனவர் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனார். கொன்றவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு நாட்டின் பேரப்பிள்ளைகள் இப்படிச் செய்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஜெர்மனியிலிருந்து தொடங்கிய இன்னொன்று, தெருவில் பதிக்கிற பித்தளைக் கல். பத்து சென்டிமீட்டர் சதுரம். கொல்லப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் "இங்கே வாழ்ந்தார்" என்று பெயரும் பிறந்த வருடமும் போட்டுப் பதிப்பார்கள். ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிறைய இடங்களில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைத் தேடி எழுதுவது பள்ளிப் பிள்ளைகள்தான்.

எங்கள் பக்கம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நூலகத்தில் ஒரு பழைய இரும்பு அலமாரியைக் காலி செய்து கொடுத்தார்கள். அதுதான் எங்கள் அருங்காட்சியகம். அதில் முதலில் வந்த பொருள் ஒரு அரைப்படி. பக்கத்து ஊரில் வாழ்நாள் முழுக்கக் கூலிக்குப் போன ஒரு பெரியவர், வெண்மணிக் காலத்தில் இளவட்டமாக இருந்தவர், தானாக எடுத்து வந்து கொடுத்தார். கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்காகத்தான் எரித்தார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பிள்ளைகளில் பாதிப் பேர் படியைக் கண்ணால் பார்த்ததில்லை, அவர்களுக்குக் கிலோதான் தெரியும். ஒரு பெண் அதில் நெல்லை நிரப்பித் தலை தட்டி, குத்தி அரிசியாக்கி, வீட்டில் உலையில் போட்டுப் பார்த்தாள். எத்தனை பேர் சாப்பிடலாம் என்று அறிய வேண்டுமாம். அடுத்த சனிக்கிழமை அவள் எழுதி வந்த விவரச்சீட்டில் மூன்று வரி இருந்தது: "அரைப்படி. நெல் அளக்க. இதை உரித்துச் சமைத்தால் எங்கள் வீட்டில் அம்மா சாப்பிட மிச்சம் இல்லை." அந்தச் சீட்டை நான் திருத்தவில்லை.

விவரச்சீட்டு எழுதுவது என்ன பெரிய வேலை என்று நினைக்காதீர்கள். முப்பது சொல்லுக்குள், பொய் இல்லாமல், கத்தாமல் எழுத ஒரு பிள்ளை நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும்.

வெளிநாட்டுக்கெல்லாம் எங்களால் போக முடியாது. இங்கே எங்கே போவது?

தஞ்சாவூரை ஒட்டி விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் இருக்கிறது, 2013 நவம்பரில் திறந்தது. நீளமான கருங்கல் சிற்பங்களில் அந்தக் கடைசி நாட்களைச் செதுக்கியிருக்கிறார்கள். திறந்த சில நாட்களிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்ததும் அந்த இடத்தின் கதைதான், பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள். நினைவிடம் என்பது யாரோ எதிர்க்கிற, யாரோ காப்பாற்றுகிற இடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்கள், மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், அதே வருடம் மறுபடி எழுந்தது. நினைவிடத்தில் இளைஞர்களுக்கு என்ன பங்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான உதாரணம் என்னிடம் இல்லை.

கீழ்வேளூர் வட்டத்தில் கீழ்வெண்மணி நினைவிடம் இருக்கிறது. டிசம்பர் 25 அன்று பெருங்கூட்டம் வரும், கொடியும் முழக்கமுமாக இருக்கும். அதையும் ஒருமுறை பார்க்கட்டும். ஆனால் முதல் முறை வேறொரு சாதாரண நாளில் போங்கள், பெயர்களை நிதானமாக வாசிக்க முடியும்.

பயணத்துக்கு எப்படித் தயார் செய்வது?

ஜெருசலேமில் உள்ள யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேமின் கல்வியாளர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: பிள்ளையைப் பத்திரமாக உள்ளே கூட்டிப் போய்ப் பத்திரமாக வெளியே கூட்டி வர வேண்டும். நாங்கள் அதை எங்கள் வழியில் செய்கிறோம். போவதற்கு முன் இரண்டு சனிக்கிழமை பேச்சு. என்ன பார்க்கப் போகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவோம், திடுக்கிட வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யாருக்காவது வர மனமில்லை என்றால் காரணம் கேட்க மாட்டோம். உள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பெயரையோ ஒரே ஒரு சிற்பத்தையோ தேர்ந்தெடுத்து அதன் முன்னால் நிற்க வேண்டும், எல்லாவற்றையும் பார்க்க ஓடக்கூடாது.

வெளியே வந்ததும் நேராகப் பேருந்தில் ஏற்றாதீர்கள். நாங்கள் ஒரு மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிப்போம். புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுக்கொண்டே பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு முறை விளாரிலிருந்து திரும்பும்போது யாரும் ஒன்றும் பேசவில்லை, வடுவூர் தாண்டும்போது ஒரு சின்னப் பையன், "முள்ளிவாய்க்கால்னா அங்கயும் வாய்க்கால் ஓடுமா, நம்ம ஊரு மாதிரி?" என்று கேட்டான். அது கடலுக்கும் நந்திக்கடல் களப்புக்கும் நடுவே கிடக்கிற ஒரு ஒடுங்கிய நிலம் என்று வரைபடத்தில் காட்டினோம். மன்னார்குடி வரும்வரை அந்த வரைபடம் பேருந்தில் கை மாறிக்கொண்டே இருந்தது.

பிள்ளை அழுதால்? அல்லது சிரித்தால்?

அழுதால் பக்கத்தில் உட்காருங்கள், காரணம் விசாரிக்க வேண்டாம். சிரித்தால் திட்டாதீர்கள். பதினான்கு வயதுக்காரர்கள் பயந்தாலும் சிரிப்பார்கள். வெளியே அழைத்து வந்து தண்ணீர் கொடுத்தால் போதும். வீட்டுக்குப் போன பிறகு இரண்டு மூன்று நாள் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் பெற்றோர் எங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகவும் தயங்க மாட்டோம்.

செல்ஃபி?

கூடாது. இடத்தைப் படம் எடுக்கலாம், உங்கள் முகம் அதில் வேண்டாம்.

அந்தச் சம்பவத்தை நாடகமாக நடிக்க வைத்தால் நன்றாகப் பதியுமே?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஒரு பிள்ளையைச் சிப்பாயாகவும் இன்னொரு பிள்ளையைக் கைதியாகவும் நிறுத்துவதை இந்தத் துறையில் அனுபவம் உள்ள பல அருங்காட்சியகங்கள் எதிர்க்கின்றன. அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்துவிட்டால் அவர்கள் பட்டதைத் தானும் பட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும், அது பொய். சில பிள்ளைகள் சிப்பாய் வேடத்தை ரசிக்கவும் செய்வார்கள்.

அப்படியானால் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிப்பது மட்டும் நடிப்பு இல்லையா என்று ஒரு ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. கடைசி மாதங்களில் அந்த மக்கள் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சியில்தான் உயிர் பிடித்திருந்தார்கள். அதனால் மே மாதத்தில், 18-க்கு முந்தைய வாரம் முழுக்க, வடக்கிலும் கிழக்கிலும் தெருவில் அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் கொடுக்கிறார்கள். 2024-ல் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அப்படிக் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். இது செத்தவர்களுக்கு உயிரோடு இருப்பவர்கள் செய்கிற கடமை, நாம் அமாவாசைக்குப் படைக்கிற மாதிரி. நாங்களும் மே 18 அன்று நூலக வாசலில் காய்ச்சுகிறோம். அரிசி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி. சம்பா விளைந்து களஞ்சியம் நிறைகிற ஊரில் நின்றுகொண்டு அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போது பிள்ளைகளுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

உயிர் தப்பி வந்தவர்களை அழைத்துப் பேச வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நாங்கள் செய்த தப்பைச் செய்யாதீர்கள். திருச்சிப் பக்கம் ஈழத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்கிற ஒரு அக்காவை முதல் வருடம் அழைத்தோம். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு பையன் எழுந்து "உங்க வீட்டுல எத்தனை பேரு செத்தாங்க?" என்று கேட்டான். அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டார். அவன் மேல் குற்றம் இல்லை, நான்தான் அவனைத் தயார் செய்யவில்லை, அக்காவிடமும் எதைப் பேச விருப்பம், எதைத் தொடக்கூடாது என்று முன்னாலேயே கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவராகவே வருகிறேன் என்றார். மேடை இல்லை. திண்ணையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பனங்கிழங்கு அவிப்பது எப்படி என்று காட்டினார், தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார், கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொன்னார். போரைப் பற்றிப் பேசியது கடைசிப் பத்து நிமிடம். பதிவு செய்யலாமா என்று கேட்டோம், குரலை மட்டும் என்றார், அப்படியே செய்தோம். அவர் சொன்னது அவருடையது. அவர் கேட்டால் அழித்துவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாதிப் பேச்சு வருமே? ஊரில் சண்டை ஆகாதா?

வரும். வெண்மணியைப் படித்துவிட்டு வராமல் இருந்தால்தான் தப்பு. எங்கள் வட்டத்துக்கு இரண்டு தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஒரே பாயில் உட்காருகிறார்கள், அதுவே முதல் இரண்டு வருடம் சில வீடுகளில் கேள்வியானது. ஒரு பையன், நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, "எங்க தாத்தா அந்த மிராசுதாருங்க சங்கத்துல இருந்தாராம், நான் வரலாமா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டான். வா என்றேன். தாத்தா செய்ததற்கு அவன் குற்றவாளி இல்லை. ஆனால் தெரிந்துகொண்ட பிறகு அவன் என்ன செய்கிறான் என்பது அவன் பொறுப்பு. இன்று வெண்மணிப் பயணத்தில் பெயர்களை வாசித்துக் காட்டுவது அவன்தான், மற்ற பிள்ளைகள் அவனிடம் கேட்டுக்கொண்டதால்.

இதெல்லாம் சிங்களவர்கள் மேல் வெறுப்பை வளர்க்காதா?

மோசமாகச் சொல்லிக்கொடுத்தால் வளர்க்கும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றபோது, தமிழர்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்களும் இருந்தன. அதைச் சொல்லாமல் ஜூலையைச் சொல்லக்கூடாது. அதேபோல 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டை விட்டுக் கையில் கிடைத்ததோடு போகச் சொன்னார்கள். நாகூரிலிருந்து வருகிற ஒரு பெண் இதைக் கேட்டபோது அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம், நடந்தது, தப்பு என்றேன். நம் பக்கத்துத் தப்பை மறைத்தால் நாம் சொல்கிற மற்ற உண்மையையும் பிள்ளை நம்பாது.

படங்கள் பொய்யாக வருகின்றனவே?

நிறைய. வேறு நாட்டுப் போரின் படத்தை ஈழம் என்று போடுகிறார்கள், கணினியில் செய்த படங்களும் இப்போது சேர்ந்துவிட்டன. எங்கள் விதி ஒன்றுதான்: எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்காத படம் அலமாரிக்குள் வராது, கைப்பேசியில் அனுப்பவும் கூடாது. ஒரு பொய்ப் படம் போதும், மறுப்பவர்களுக்கு அதையே காட்டி எல்லாமே பொய் என்று சொல்ல.

பள்ளி அனுமதி கொடுக்குமா? செலவு?

சில தலைமை ஆசிரியர்கள் கொடுப்பார்கள், சிலர் அரசியல் என்று தயங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள், விடுமுறை நாளில் பெற்றோர் கையெழுத்தோடு போங்கள். செலவு பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும்தான். நன்கொடை வாங்குவதில்லை.

எந்தெந்த நாட்களில் கூடுகிறீர்கள்? நாங்களும் வரலாமா?

ஜனவரி 27, ஆஷ்விட்ஸ் முகாம் விடுதலையான நாள். ஏப்ரல் 7, ருவாண்டாவுக்காக. மே 18, கஞ்சி. டிசம்பர் 9, உடன்படிக்கை ஏற்கப்பட்ட நாள், இனப்படுகொலையில் இறந்தவர்களுக்காக ஐ.நா. வைத்திருக்கும் நினைவு நாளும் அதுவே. அன்று பிள்ளைகள் அந்த வருடம் எழுதிய விவரச்சீட்டுகளைச் சத்தமாக வாசிப்பார்கள், பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். டிசம்பர் 25, வெண்மணி.

தாராளமாக வரலாம். வரும்போது வீட்டில் யாராவது "போனார், வரல" என்று ஒரு வரியாக இருந்தால் அந்தப் பெயரை எழுதி எடுத்து வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரும் வருடமும் போதும். அலமாரியில் இரண்டாவது தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.